வட்ட ஸ்பைரல் டக்ட்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வணிகக் கட்டடங்களின் காற்றோட்டத்துக்கு ஸ்பைரல் டக்டை (தகட்டுப் பட்டையைச் சுருளாகச் சுற்றிச் செய்யும் வட்டக் காற்றுக் குழாயை) பரிந்துரைப்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், தகடு மிச்சம் என்பதுதான். அது உண்மை. 800 × 250 மி.மீ. செவ்வக டக்டில் போகும் காற்றை, அதே உராய்வு இழப்போடு சுமார் 470 மி.மீ. விட்டமுள்ள வட்டக் குழாய் கொண்டுபோய்விடும். செவ்வகத்தின் சுற்றளவு 2.1 மீட்டர், வட்டத்துக்கு 1.48 மீட்டர் போதும். ஆனால் அந்தக் கணக்கோடு நின்றுவிட்டு, மீட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டு ஆர்டர் போட்டால் பின்னால் செலவுதான். நேர்க்குழாயில் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. வளைவிலும் இணைப்பிலும் இடப்பற்றாக்குறையிலும்தான் வருகிறது.

இடத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 250 மி.மீ. உயரத்தில் அடங்கியிருந்த டக்ட் இப்போது 470 ஆகிவிட்டது. மேலே 25 மி.மீ. இன்சுலேஷன் சுற்றினால் 520. பீமுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே அந்த உயரம் இருக்கிறதா, ஸ்பிரிங்க்ளர் குழாயும் கேபிள் ட்ரேயும் எங்கே குறுக்கிடுகின்றன என்று வரைபடத்திலேயே பார்த்துவிட வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டாகப் பிரித்துவிடலாம் என்பார்கள். பிரிக்கலாம், சுமார் 360 மி.மீ. குழாய்கள் இரண்டு வேண்டும். இரண்டின் சுற்றளவையும் கூட்டினால் 2.26 மீட்டர், அதாவது செவ்வகத்தைவிட அதிகம். தகடு மிச்சம் என்ற கணக்கே அங்கே அடிபட்டுப் போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் தட்டையான நீள்வட்ட வடிவ ஃபிளாட் ஓவல் டக்டையோ செவ்வகத்தையோ போடுவதில் ஒரு குறையும் இல்லை.

இடம் போதவில்லை என்று விட்டத்தை ஒரு சைஸ் இறக்குவது இதைவிட மோசம். மணிக்கு 1000 கன மீட்டர் காற்று 315 மி.மீ. குழாயில் நொடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில் போகும். அதையே 250-க்கு மாற்றினால் வேகம் 5.7 ஆகும். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஒரே அளவு காற்றுக்கு உராய்வு இழப்பு ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், அது மூன்று மடங்காகிறது. அந்த அழுத்தத்தை ஃபேன் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் மின்சாரமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து ஃபிட்டிங்ஸ், அதாவது குழாயை வளைக்கவும் பிரிக்கவும் இணைக்கவும் போடும் துண்டுகள். விலையைக் குறைக்க வேண்டும் என்றாலே கை முதலில் இங்கேதான் போகிறது. தயவுசெய்து இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்போவின் (வளைவுத் துண்டின்) மையக்கோட்டு ஆரம் விட்டத்தைப் போல் 1.5 மடங்கு இருப்பது நல்லது. ஒரு மடங்கு ஆரத்தில் இழப்பு தெளிவாகக் கூடும். இரண்டு துண்டுகளைச் சாய்வாக வெட்டிச் செங்கோணத்தில் ஒட்டிய மூலையில் அது பல மடங்காகிவிடும். கிளை பிரியும் இடத்தில் நேர் டீயைவிட (T வடிவ இணைப்பைவிட) கூம்பு வடிவ டீ அல்லது 45 டிகிரி கிளை சிறந்தது. சைட்டில் மெயின் குழாயைக் கத்தரியால் வெட்டி ஒரு காலரை (குட்டைக் குழாய்த் துண்டை) சொருகுவதுதான் வழக்கமாக நடக்கும் அநியாயம். விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு காற்றைக் கிழிக்கும், கசியும், சத்தமும் போடும். ஃபேன் வாயிலேயே எல்போ வைப்பதும் அப்படித்தான். குறைந்தது இரண்டரை விட்டம் நேர்நீளம் விடாவிட்டால், கேட்டலாக்கில் போட்டிருக்கும் காற்றளவு கைக்கு வராது.

கசிவுக்கு வருவோம். ஸ்பைரல் குழாயின் பூட்டுத் தையல் (பட்டை விளிம்புகளை மடித்துக் கோத்த இணைப்பு) நன்றாகவே காற்றைத் தாங்கும், கசிவது இணைப்புகளில்தான். ‘ஏர்டைட்டாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் யாரையும் பொறுப்பாக்க முடியாது. கசிவு வகுப்பையும் சோதனை அழுத்தத்தையும் குறிப்பிடுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 12237-இல் ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு கசிவையே அனுமதிக்கிறது. இரட்டை உதடு ரப்பர் காஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) பொருத்திய ஃபிட்டிங்ஸ் வாங்கினால் வேலை சுலபம். ஆனால் வெட்டிய குழாய் முனையில் பிசிறு இருந்தால் அந்த ரப்பரைக் கிழித்துவிடும். ஸ்க்ரூவும் காஸ்கெட்டில் படாமல் தள்ளி இறங்க வேண்டும்.

வட்டக் குழாய் சத்தம் போடாது என்ற நம்பிக்கை பாதிதான் சரி. அதன் சுவர் விறைப்பானது என்பதால் தாழ்ந்த அதிர்வெண் இரைச்சல் வழியில் வெளியே கசிவது குறைவு. செவ்வக டக்டின் தட்டையான சுவர்கள் அதிர்ந்து அந்த இரைச்சலில் ஒரு பகுதியை வழியிலேயே இழந்துவிடும். வட்டம் அதை உள்ளேயே வைத்துக் கடைசி கிரில் வரை கொண்டுபோகும். செவ்வகத்துக்குப் போட்ட ஒலிக் கணக்கை அப்படியே வட்டத்துக்கு மாற்றினால், கூட்ட அறையில் ஃபேனின் உறுமல் கேட்கும். சைலன்சர் தேவையா என்று புதிதாகக் கணக்குப் போடுங்கள்.

சமையலறை எண்ணெய்ப் புகைக்கு மட்டும் சாதாரண ஸ்பைரல் டக்டைப் போடவே கூடாது. தையல் வழியே எண்ணெய் கசியும், தீப்பிடித்தால் அது பரவும். அமெரிக்கத் தரமான என்எஃப்பிஏ 96 அந்த டக்டுக்குத் தொடர் வெல்டிங் செய்த, திரவம் கசியாத எஃகையே கேட்கிறது. நீச்சல்குளத்துக் குளோரின் காற்றில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு சீக்கிரம் அரிக்கும். வலுவாக உறிஞ்சும் எக்ஸாஸ்ட் வரிசையில் மெல்லிய கேஜ் (தகட்டுத் தடிமன்) உள்ள பெரிய குழாய் உள்ளே நசுங்கலாம். எனவே எதிர்மறை அழுத்தத்துக்கான கேஜைத் தனியாகப் பாருங்கள்.

சீலிங் இல்லாமல் வெளியே தெரியும்படி தொங்கவிடும்போது அழகுக்காக இன்சுலேஷனைத் தவிர்த்தால், ஈரப்பதமான இடத்தில் குளிர்ந்த டக்ட் வியர்த்துச் சொட்டும். இரட்டைச் சுவர் டக்ட் அதற்குத் தீர்வு. அதை ஆர்டர் செய்யும்போது உள்விட்டமா வெளிவிட்டமா என்று எழுதிக் கொடுங்கள். உள்ளே 500, நடுவில் 25 மி.மீ. இன்சுலேஷன் என்றால் வெளியே 550. சுவர்த் துளையும் ஹேங்கரும் இந்த 550-க்கு வேண்டும், காற்றுக் கணக்கு 500-க்கு. அப்புறம், சுத்தம் செய்யும் கதவுகளை டக்ட் மேலே ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். வளைந்த சுவரில் பொருந்த அதற்கென்றே வளைந்த சட்டம் வேண்டும். தொங்கிய பிறகு வெட்டிப் பொருத்தினால் அந்த இடம் பெரும்பாலும் கசியும்.