மார்டிஸ் வியூவில் வெளிப்பக்க இடைவெளி திறக்காமல் போனால்

கணுக்காலுக்கு மார்டிஸ் வியூ, அதாவது காலைச் சற்று உள்ளே திருப்பி முன்னிருந்து எடுக்கும் எக்ஸ்ரே, எடுத்தால் மூட்டின் நடுவில் இருக்கும் டாலஸ் எலும்பைச் சுற்றி மூன்று பக்கமும் கறுப்பு இடைவெளி சீராகத் தெரிய வேண்டும். எனக்குச் சில நாட்களாக வெளிப்பக்கம் மட்டும் மூடியே வந்தது, கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலா டாலஸ் மேல் ஏறி நின்றது. 15 டிகிரி உள்ளே திருப்பினேன், 20 வரை போனேன், கதிர் விழும் மையத்தை மாற்றினேன், ட்யூப் நேராக இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

அப்புறம் அதே நோயாளியின் ஏபி படத்தை (காலைத் திருப்பாமல் முன்னிருந்து நேராக எடுப்பது) பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. மூட்டுக்குச் சற்று மேலே கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியாவும் ஃபிபுலாவும் ஒன்றன்மேல் ஒன்று விழும் அளவு இரண்டு படத்திலும் அப்படியே இருந்தது. அதாவது கால் திரும்பவே இல்லை, பாதம் மட்டும்தான் உள்ளே மடங்கியிருக்கிறது. "காலை உள்ளே திருப்புங்க" என்றால் வலியோடு படுத்திருப்பவர் விரல்களைத்தான் திருப்புவார்.

இப்போது பாதத்தைப் பிடித்துத் திருப்புவதே இல்லை. முழங்காலுக்குக் கீழே கை கொடுத்து முழுக்காலையும் இடுப்பிலிருந்து மெதுவாக உருட்டுகிறேன், இரண்டு கணு எலும்பிலும் விரல் வைத்து, அவை காலுக்கு அடியில் படம் பதியும் கேசட்டிலிருந்து ஒரே உயரத்துக்கு வந்ததும் நிறுத்துகிறேன். டிகிரி ஆளுக்கு ஆள் மாறும், விரல் சொல்வதே சரி. பாதமும் செங்குத்தாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குதிகால் எலும்பு வெளிக்கணுவின் நுனியை மறைத்துவிடும். வலி அதிகமென்றால் அதற்காக வலிந்து மடக்க வேண்டாம். முதல் படத்திலேயே இடைவெளி திறந்ததைப் பார்த்தபோது பெரிய நிம்மதி.