செக்யூரிட்டி டிரேயில் லேப்டாப் உடையாமலும் தொலையாமலும் கொண்டுபோவது எப்படி

"எக்ஸ்ரேல போட்டதுல இருந்து ஆன் ஆக மாட்டேங்குது அண்ணா." பெங்களூர் அல்சூரில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விமானத்தில் வந்து இறங்கியவர்கள் கடைக்கு வந்து அடிக்கடி சொல்வது இதைத்தான். திறந்து பார்த்தால் எக்ஸ்ரேக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. மூலையில் அடிபட்டு, மூடியைப் பிடித்திருக்கும் ஹிஞ்ச் (கீல்) பிய்ந்திருக்கும், அல்லது மூடி அழுந்தி திரைப் பேனலுக்குள் விரிசல் ஓடியிருக்கும். செக்யூரிட்டியில் பொருள் பாழாவதெல்லாம் அந்த இயந்திரத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் சில நிமிட அவசரத்தில்தான். அந்த நிமிடங்களை எப்படிக் கடப்பது என்று சொல்கிறேன்.

முதலில் கதிர் பயத்தைத் தீர்த்துவிடலாம். கேபின் பையைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரத்தின் கதிர் அளவு மிகக் குறைவு. போன், லேப்டாப், எஸ்எஸ்டி, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு, பென் டிரைவ் எதிலும் இருக்கும் தரவை அது அழிக்காது. விமான நிலையங்களுக்கு இப்போது வந்துகொண்டிருக்கும் சிடி வகை ஸ்கேனரும் அப்படித்தான். அது பையைப் பல கோணங்களில் படம் பிடித்து முப்பரிமாணத்தில் காட்டும்; கதிர் கொஞ்சம் கூடுதல், ஆனாலும் மின்னணுப் பொருளுக்குக் கெடுதல் இல்லை. பையில் சாதாரணமாக இருப்பவற்றில் கெட்டுப்போவது கேமரா பிலிம்தான். பிலிமில் படம் எடுக்கும் பழக்கம் மறுபடி வந்திருப்பதால் இதைச் சொல்கிறேன். பிலிமின் வேகத்தை, அதாவது ஒளி உணரும் திறனை, ஐஎஸ்ஓ எண் சொல்லும். ஐஎஸ்ஓ 800ம் அதற்கு மேற்பட்டதுமான பிலிம் சாதாரண எக்ஸ்ரேயிலேயே மங்கலாம். சிடி ஸ்கேனரில் அதைவிடக் குறைந்த வேக பிலிமும் பாழாகலாம். டப்பாவைத் தனியாக ஒரு கண்ணாடி நிற கவரில் வைத்து, கையால் சோதிக்கும்படி கேளுங்கள். செக்-இன் பெட்டியில் மட்டும் பிலிமைப் போடவே வேண்டாம், அங்கே கதிர் இன்னும் வலுவானது.

லேப்டாப்பை ஏன் தனியே எடுக்கச் சொல்கிறார்கள்? சாதாரண எக்ஸ்ரே படத்தில் பேட்டரியும் போர்டும் அடர்த்தியான ஒரு கறுப்புக் கட்டமாகத் தெரியும். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று திரையைப் பார்ப்பவருக்குப் புரியாது. சார்ஜர், பவர் பேங்க், கேபிள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தாலும் இதே பிரச்சினை. புரியாத பையைத் தனியே ஒதுக்கி, திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார்கள். உங்கள் பொருளை வேறொரு கை அவசரமாக எடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் அதற்கு ஆபத்துதான். பையை ஒழுங்காக அடுக்கினாலே அதில் பாதி குறையும். சிடி ஸ்கேனர் இருக்கும் வரிசையில் லேப்டாப்பை உள்ளேயே விடச் சொல்லலாம். அந்த வரிசையில் நிற்பவர் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றில் பேட்டரிதான் முதல் வேலை. லேப்டாப்பை மேஜையில் வைத்தால் ஒரு மூலை ஆடுகிறதா? டச்பேட் அழுத்த வரவில்லையா, அல்லது மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? மூடி முழுதாக மூடாமல் ஒரு கீற்று தெரிகிறதா? போனின் பின்பக்கக் கண்ணாடி ஓரம் விலகியிருக்கிறதா? இவை எல்லாமே பேட்டரி புடைத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். புடைத்த பேட்டரி உள்ள எதையும் விமானத்தில் எடுத்துப் போகாதீர்கள்; சேதமான லித்தியம் பேட்டரிக்கு விமானத்தில் அனுமதி கிடையாது. அழுத்தம் பட்டால் உள்ளே ஷார்ட் ஆகி தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. கம்பெனி பெயர் பெரிதாக இருந்தால் இதெல்லாம் வராது என்று நினைக்க வேண்டாம். 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7, 2019இல், அதற்குச் சில ஆண்டுகள் முன் ஒரு குறிப்பிட்ட காலத்தில் விற்ற 15 அங்குல மேக்புக் ப்ரோ என்று இரண்டுக்கும் பேட்டரிக் கோளாறால் நம் நாட்டு விமானத் துறையே கட்டுப்பாடு போட்டது. பெங்களூரில் மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டிலோ உங்கள் தெருவிலோ நம்பிக்கையான ஒருவரிடம் காட்டி, பேட்டரியை மாற்றிய பிறகு கிளம்புங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் கொண்டுவந்து கொடுத்தால் பல மாடல்களுக்குப் பேட்டரி அன்றே கிடைக்காது. ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.

பவர் பேங்க் கணக்கு எளிது. அதன் மேல் அச்சிட்டிருக்கும் எம்ஏஹெச் எண்ணை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால், விமான விதிகள் பார்க்கும் அளவான வாட்-மணி வரும். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74. 100 வாட்-மணி வரை கேபினில் கொண்டுபோகலாம். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை. கடையில் 30,000 என்று வாங்கிய பெரிய பவர் பேங்க் 111 வாட்-மணி, அதாவது அனுமதி கேட்க வேண்டிய வகை. பவர் பேங்கையும் தனி பேட்டரிகளையும் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. கேமராவின் உபரி பேட்டரி இருந்தால் அதன் முனைகளில் சிறிது டேப் ஒட்டுங்கள். சாவிக்கொத்தோடு உரசினால் ஷார்ட் ஆகும். பவர் பேங்கின் மேல் அச்சிட்ட எண் அழிந்துபோயிருந்தால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. எண் தெரியாத பொருளைச் சோதிப்பவர் எதை வைத்து உள்ளே விடுவார்?

விமானத்துக்குள் போனபிறகும் அதைக் கண்ணில் படும்படி வைத்திருங்கள். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் எரிந்ததே, அந்தத் தீ தலைக்கு மேலே பை வைக்கும் இடத்தில்தான் தொடங்கியது. பவர் பேங்க் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை சொன்னது. நல்லவேளையாக எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். நம் நாட்டிலும் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2025 கடைசியில் விதிகளை இறுக்கியது. பவர் பேங்க் மேல் ரேக்கில் போகக் கூடாது. இருக்கையிலேயே, உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பையை அடுக்கும் முறைக்கு வருவோம். லேப்டாப் மேலாக, ஒரே இழுப்பில் வருகிற மாதிரி இருக்கட்டும். ஸ்லீவில் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. மூடும் முன் கீபோர்டின் மேல் ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள். இயர்பட், ஸ்டேப்லர் பின், பேனா மூடி என்று ஏதாவது ஒன்று அங்கே கிடக்க, அதன் மேல் மூடியை அழுத்தி உடைந்த பேனல்கள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சார்ஜர், கேபிள், பவர் பேங்க், பென் டிரைவ், இயர்பட் எல்லாவற்றையும் ஜிப் வைத்த ஒரே பவுச்சில், ஒன்றன் மேல் ஒன்று வராமல் பரப்பிப் போடுங்கள். டிரேயில் சிதறிக் கிடக்கும் சின்னப் பொருள்தான் ரோலர்களின் இடுக்கில் விழும், அடுத்தவர் பையோடு போகும். ஸ்க்ரூடிரைவர் செட் இருந்தால் செக்-இன் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

லேப்டாப்பை ஸ்லீப்பில் போடாமல் முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். ஸ்லீப்பில் இருப்பது பைக்குள் தானாக விழித்துச் சூடாகலாம். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய மாடலாக இருந்தால், சுழன்றுகொண்டிருக்கும்போது படும் ஒரு சின்ன அடியே தட்டைக் கீறிவிடும். அதே சமயம் பேட்டரியில் கொஞ்சமாவது சார்ஜ் இருக்க வேண்டும். ஆன் செய்து காட்டச் சொன்னால் காட்ட முடிய வேண்டும். நேராக அமெரிக்கா போகும் சில விமானங்களில் இந்த நடைமுறை 2014இலேயே வந்துவிட்டது. முக்கியமான கோப்புகளுக்கு வீட்டிலேயே ஒரு பிரதி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். தரவை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் பிட்லாக்கர் (விண்டோஸ்) அல்லது ஃபைல்வால்ட் (மேக்) ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொலைந்தால் போவது இயந்திரம் மட்டுமாக இருக்கட்டும்.

பெங்களூருக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. திங்கட்கிழமை அதிகாலை சென்னை, ஹைதராபாத் விமானங்களுக்கு நிற்கும் வரிசையைப் பாருங்கள். பாதிப்பேர் கையில் ஒரே கம்பெனியின், ஒரே நிறத்து அலுவலக லேப்டாப். டிரே அந்தப் பக்கம் வந்ததும் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். மூடியின் மேல் தூரத்திலிருந்தே தெரிகிற ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கம்பெனி ஒட்ட விடாது என்றால் ஸ்லீவை அடர் மஞ்சளிலோ சிவப்பிலோ வாங்குங்கள். லாக் ஸ்கிரீனில் வீட்டில் ஒருவரின் போன் எண்ணைத் தெரியும்படி வைத்தால், மாற்றி எடுத்துப்போனவரே கூப்பிட வசதியாக இருக்கும்.

இனி வரிசை. பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வரை வாயு வஜ்ரா என்ற விமான நிலைய பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது. வாட்ச், சில்லறை, பர்ஸ், சாவி எல்லாவற்றையும் அப்போதே பையின் ஜிப் அறைக்கு மாற்றிவிடலாம். போர்டிங் பாஸை அச்சிட்டும் ஒன்று வைத்துக்கொண்டால், போனையும் முன்கூட்டியே அதே அறையில் போட்டு மூடிவிடலாம். தட்டில் தனியாகக் கிடக்கும் போனைவிடப் பைக்குள் இருக்கும் போன் எவ்வளவோ பத்திரம். தனியாகத்தான் வைக்க வேண்டும் என்று சொன்னால் திரை மேலே பார்க்க வைத்து, பக்கத்தில் சாவி, பெல்ட் பக்கிள் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்புக்குத் தனி டிரே எடுங்கள். இரண்டு கையாலும் அடியில் பிடித்து, மூடி மேலே வரும்படி தட்டையாகப் படுக்க வையுங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் மொத்த எடையும் அந்த மூலையில்தான் இறங்கும். அதன் மேல் ஷூ, ஜாக்கெட், பை எதுவும் வேண்டாம். இயந்திரத்தின் வாயில் தொங்கும் கனமான திரைகளில் பை வாரும் கேபிளும் மாட்டி இழுபடும், எனவே எல்லாவற்றையும் உள்ளே மடித்துவிடுங்கள். மறுபக்கம் வரும் டிரேயைப் பின்னால் வருவது இடித்துக்கொண்டே இருக்கும். டிரே நின்ற இடத்தில் நின்று எல்லாவற்றையும் பிரித்து அடுக்காமல், முழு டிரேயோடு தூக்கிக்கொண்டு ஓரத்து மேஜைக்குப் போய்விடுங்கள்.

திருட்டுக்கும் மாறிப்போவதற்கும் வாய்ப்பு அதிகம் உள்ள நேரம் உடல் சோதனை. நீங்கள் அந்தப் பக்கம் வரிசையில் நிற்பீர்கள், உங்கள் டிரே ஏற்கெனவே வெளியே வந்து காத்திருக்கும். பெண்களுக்குத் திரை மறைவில் சோதனை நடப்பதால் டிரே கண்ணிலிருந்தே மறைந்துவிடும். அதனால் உங்களுக்கு முன்னால் ஒருவர் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்ற நிலை வரும்வரை டிரேயை உள்ளே தள்ளாதீர்கள். பின்னால் நிற்பவர் அவசரப்பட்டால் "நீங்க முன்னாடி போங்க" என்று வழிவிடுங்கள். குடும்பமாகப் போனால், ஒருவர் முதலில் வெறுங்கையோடு அந்தப் பக்கம் போய் நிற்கட்டும்; மற்றவர்கள் அதற்குப் பிறகு பைகளை அனுப்பலாம். வயதான அம்மா அப்பாவைத் தனியாக அனுப்புகிறீர்களா? எத்தனை பொருள் டிரேயில் வைத்தார்களோ அத்தனையையும் விரல் விட்டு எண்ணி எடுக்கச் சொல்லிக்கொடுங்கள். மகன், மகள் வீட்டுக்குப் போகும் பெரியவர்கள் மறப்பது பெரும்பாலும் போனையும் காது கேட்கும் கருவியின் டப்பாவையும்தான்.

உடம்போடு இருக்கும் கருவிகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். காது கேட்கும் கருவியைக் கழற்ற வேண்டியதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதன் அட்டையை எடுத்துப்போய், அங்கே சோதனை செய்யும் மத்தியப் பாதுகாப்புப் படையான சிஐஎஸ்எஃப் வீரரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கதவு மாதிரி நிற்கும் மெட்டல் டிடெக்டரைச் சாதாரண நடையில் கடக்கலாம், ஆனால் அதில் சாய்ந்து நிற்கக் கூடாது. கையில் பிடிக்கும் டிடெக்டரை நெஞ்சின் மேல் நீண்ட நேரம் வைக்க வேண்டாம், கையால் சோதியுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. இன்சுலின் பம்ப் கட்டியிருப்பவர்கள் அதன் கையேட்டைப் படித்துவிட்டுப் போங்கள். சில தயாரிப்பாளர்கள் பம்பை எக்ஸ்ரேயிலும் உடல் ஸ்கேனரிலும் போட வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறார்கள். மருத்துவரின் கடிதம் ஒன்று கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இவ்வளவு செய்தும் ஒன்று காணவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். அருகில் இருக்கும் சிஐஎஸ்எஃப் அதிகாரியிடம் எந்த வரிசை, எத்தனை மணி, என்ன பொருள் என்று உடனே சொல்லுங்கள். மேலே கேமரா இருக்கிறது. நேரத்தைச் சரியாகச் சொன்னால் யார் எடுத்தார்கள் என்று பார்க்க முடியும். எடுத்தவரும் இன்னும் கட்டடத்துக்குள் ஏதோ ஒரு கேட்டில்தான் உட்கார்ந்திருப்பார். விமானம் ஏறிய பிறகுதான் தெரிந்தது என்றால், விமான நிலையத்தின் தொலைந்த பொருள் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள். பயணிகள் விட்டுச்சென்ற பொருட்களின் பட்டியலை சிஐஎஸ்எஃப் தன் இணையதளத்திலும் போடுகிறது. உங்களுடையதுதான் என்று காட்ட சீரியல் எண் கேட்பார்கள். அதனால் லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரை இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து மெயிலில் போட்டுவையுங்கள். போனில் *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணையும், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணையும், சேர்த்துக்கொள்ளுங்கள். போன் திரும்பக் கிடைக்கவில்லை என்றால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணை முடக்கச் சொல்லலாம். பில்லையும் தேடி எடுத்து வையுங்கள், அந்தத் தளத்தில் பதிவு செய்யும்போது அதையும் கேட்கலாம்.