ஊர் பதற்றமாக இருக்கும் நாளில் கைபேசிச் செய்தியும் வாசலுக்கு வரும் போலீசும்

கடையடைப்பு, 144 தடை உத்தரவு, மறுபடி ஊரடங்கு என்று ஒரு சேதி குரூப்பில் விழுந்ததும் பதறவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். இது எந்த ஊர், எந்தத் தேதி என்ற இரண்டை மட்டும் முதலில் பிடியுங்கள். சுற்றி வரும் வீடியோக்களில் பல எங்கேயோ நிஜமாக நடந்தவைதான். ஊரையும் தேதியையும் மாற்றி விடுவதால்தான் நம் தெருவில் பயம் கிளம்புகிறது.

உத்தரவு நகல் என்று படம் வந்தால் பெரிதாக்கிப் படியுங்கள். டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மயிலாடுதுறை தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 2020 டிசம்பர் 28-இல். ஆகவே சீர்காழிக்கோ தரங்கம்பாடிக்கோ நாகப்பட்டினம் ஆட்சியர் தடை போட்டதாக ஒரு தாள் வந்தால் அது அதற்கு முந்தைய தாள். அடுத்தது சட்டப் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 144 அதில் 163. பேச்சிலும் டிவியிலும் இன்னும் 144தான் ஓடுகிறது, அது பரவாயில்லை. ஆனால் இன்று கையெழுத்தானதாகச் சொல்லும் தாளில் பழைய சட்டமும் 144-உம் மட்டுமே இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), தேதி, எந்தெந்தத் தாலுகா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யார் கையெழுத்து என்று பாருங்கள். ஆட்சியரோ, கோட்டாட்சியரோ, நிர்வாக நடுவர் அதிகாரம் உள்ள வேறு அதிகாரியோ போடலாம். இன்ஸ்பெக்டர் போட முடியாது. இரண்டு மாதத்துக்கு மேல் அது நிற்காது. மாநில அரசு நீட்டித்தால் மட்டும் மேலும் ஆறு மாதம் வரை போகலாம்.

இந்த உத்தரவு வந்தாலே வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறைய. காரணம் 2020 மார்ச். அந்த 24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது, மறுநாளே நாடு முழுக்க ஊரடங்கு, இரண்டும் மனதில் ஒன்றாகிவிட்டன. 163-இல் கூட்டம் கூடவோ ஊர்வலம் போகவோ தடை இருக்கலாம். பால் வாங்கவும் வேலைக்குப் போகவும் தடை இருக்கிறதா என்பது உத்தரவின் வாசகத்தைப் பொறுத்தது. ஊரடங்கு வேறு வழியில் வரும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ஐச் சொல்லி, அரசாணை எண்ணோடு அரசு வெளியிடும். எண் இல்லாத ‘திங்கள் முதல் ஊரடங்கு’ அட்டையை, எந்தச் சேனலின் சின்னம் இருந்தாலும், அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் தேடிப் பார்க்காமல் நம்ப வேண்டாம். சின்னத்தை வெட்டி ஒட்ட ஐந்து நிமிடம் போதும்.

வீடியோ என்றால் ஓரத்தைப் பாருங்கள், நடுவில் இருக்கும் கூச்சலை அல்ல. சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டினால் கண் நன்றாக வேலை செய்யும். வண்டி எண் டிஎன் 49 என்றால் தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 68 கும்பகோணம், 82 மயிலாடுதுறை. ஒரு வண்டி வெளியூர் எண்ணாக இருக்கலாம், நிற்கிற பத்து வண்டியும் இருக்காது. கடைப்பலகை எந்த மொழியில், மழைக்கோட்டு போட்டிருக்கிறார்களா, பின்னால் வயல் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. முன்பின் ஆவது உண்டு. ஆனாலும் ஏப்ரல் கடைசியில் ‘நேற்று நீடாமங்கலம் பக்கம்’ என்று வருகிற வீடியோவில் வாய்க்கால் கரை முட்ட ஓடினால் அது நேற்று எடுத்தது இல்லை.

காவிரிச் செய்தி நாட்களில் இந்தப் பழக்கம் கூடுதலாக வேண்டும். 2016 செப்டம்பர் 12-இல் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்ததற்கு முன்னால், அங்கே ஒரு தமிழ் மாணவர் அடிபட்டதும் இங்கே கர்நாடக வண்டிகள் தாக்கப்பட்டதும் வீடியோவாக இரு பக்கமும் சுற்றின. அங்கே படிக்கிற பிள்ளைக்கு அதை அனுப்பி “பாத்தியா?” என்று கேட்பதால் ஒரு பயனும் இல்லை. எங்கே இருக்கிறாய், அறையில் யார் யார், சார்ஜ் இருக்கிறதா என்று போனில் கேளுங்கள். ராத்திரி பஸ் ஏறாதே என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

நடவுக்கும் நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை வேலைக்கும் வடமாநில ஆட்கள் வந்திருக்கிற ஊர்களில் இன்னொன்றும் உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் அவர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பலர் கூட்டமாக ஊருக்கு ரயில் ஏறினார்கள். வேலைக்கு வைத்திருப்பவர் அன்றே அவர்களை வீட்டுக்கு வீடியோ காலில் பேச வைக்க வேண்டும், வயலும் முகமும் தெரிய. மேஸ்திரி மட்டும் பேசினால் போதாது. வெளியாளைப் பார்த்து நாம் பயப்படும்போதும் இதே கவனம் வேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்துபவர் என்று அடித்தே கொன்றது வாட்ஸ்அப் வதந்திதான். தெரியாத முகம் தெருவில் நின்றால் படமெடுத்துக் குரூப்பில் போடாதீர்கள், 100-க்கோ 112-க்கோ அடியுங்கள்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி குறைந்தது ஐந்து கை மாறியது என்று அர்த்தம். அதை அனுப்பியவர் பெரியவராக இருந்தால் குரூப்பில் வைத்துத் திருத்த வேண்டாம், மானப் பிரச்சினையாகிவிடும். தனியாக எழுதுங்கள்: “சித்தப்பா, அந்த வீடியோல வண்டி எல்லாம் கேஏ நம்பர். நம்ம பக்கம் இல்ல. நீங்களே எடுத்துட்டா நல்லது.” எல்லோருக்கும் சேர்த்து அழிக்கும் வசதி ஏறத்தாழ இரண்டரை நாள் வரை வேலை செய்யும். அழிக்க மறுத்தால் சட்டத்தைச் சொல்லலாம். பீதியைக் கிளப்பும் பொய்ச் சேதியைப் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா 353-இல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

செய்தி பார்ப்பதற்கு நேரம் குறியுங்கள். காலையில் ஒரு முறை, பொழுது சாய ஒரு முறை, பதினைந்து நிமிடம் போதும். டிவியில் ஓடுவது பெரும்பாலும் ஒரே இருபது நொடிக் காட்சி. அடிக்கிற தடியை நாற்பது முறை பார்த்தால் நாற்பது பேர் அடிபட்டதாகத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். குரூப்பை எட்டு மணி நேரம் ஊமையாக்கி, வீடியோ தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். தூக்கம் பல நாள் கெட்டாலோ, கோபம் அடங்காமல் வீட்டில் கத்தத் தொடங்கினாலோ 14416-இல் மனநல ஆலோசகர் தமிழில் பேசுவார். 104-உம் உண்டு.

வீட்டில் வைத்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். பத்து நாள் சர்க்கரை, பிரஷர் மாத்திரை, இரண்டு நாள் செலவுக்கு நூறும் ஐம்பதுமாகப் பணம், வண்டியில் பாதி டேங்க், தாளில் எழுதிய எட்டுப் பத்துப் போன் எண்கள். பணமும் தாளும் ஏன் என்றால், 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நின்றது. நெட் இல்லை என்றால் ஜிபேயும் இல்லை. அறுவடைக் காலமாக இருந்தால் கொள்முதல் நிலையத்துக் குவியலுக்குத் தார்ப்பாய் முதல் நாளே போய்விட வேண்டும். லாரி நிற்கிற இரண்டு நாளில் பனியும் தூறலும் நெல்லின் ஈரப்பதத்தைக் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் அப்புறம் போலீஸ் இன்ஸ்பெக்டர் முன்னால் அல்ல, நிலையத்துப் பட்டியல் எழுத்தர் முன்னால் கெஞ்ச வேண்டியிருக்கும்.

இனி போலீஸ். செக்போஸ்டில் நிறுத்தினால் இன்ஜினை அணையுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், எங்கே போகிறீர்கள் என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள். மருந்துச் சீட்டோ ஆஸ்பத்திரி அட்டையோ இருந்தால் அது பத்து வரிக்குச் சமம். டிஜிலாக்கரில் உள்ள லைசென்சும் ஆர்.சி.யும் செல்லும். வண்டியைப் பிடித்து வைத்தால் ரசீது கேளுங்கள், கிலோமீட்டர் எண்ணோடும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். வழக்குப் பதிவானால் வண்டியை மீட்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 497-ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். தள்ளிப்போட்டால் மழையில் நின்று பேட்டரியும் டயரும் போகும். போனைப் பறிமுதல் செய்தால் அதன் ஐ.எம்.இ.ஐ. எண் (போனின் தனி அடையாள எண்) மகஜரில், அதாவது பறிமுதல் குறிப்பில், ஏற வேண்டும். *#06# அடித்து அந்த எண்ணை இன்றே தாளில் எழுதி வையுங்கள்.

நடப்பதை வீடியோ எடுப்பதானால் தள்ளி நின்று எடுங்கள். வேலையைத் தடுத்ததாகச் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. கடைப்பலகையும் தெருமுனையும் ஒரு தடவையாவது படத்தில் வரட்டும். மூலக் கோப்பை வெட்டாதீர்கள். வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரண வீடியோவாகப் போனால் அது சுருங்கிவிடும், எடுத்த நேர விவரமும் போய்விடும்.

மறியலில் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துச் சாயங்காலம் விடுவது நமக்குப் பழகிய காட்சி. முன்னெச்சரிக்கைக் கைது என்றால் அதே சன்ஹிதாவின் பிரிவு 170, அதில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெளியே வருமுன் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டிலிருந்தே அழைத்துப் போனால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும், கைதுக் குறிப்பில் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும். பெண்களைப் பொழுது சாய்ந்து விடியும் வரை, விதிவிலக்கான நிலை இல்லாமல், கைது செய்யக் கூடாது. சாட்சி விசாரணைக்குக்கூட பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்டவர்களையும், 60 தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் இடத்தில்தான் கேட்க வேண்டும்.

இதில் மிக முக்கியமான இடம் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்துவது. பயண நேரம் போக 24 மணிக்குள் நிறுத்தியாக வேண்டும். அடித்திருந்தால் அங்கே வாய் திறந்து சொல்ல வேண்டும், காயத்தைக் காட்ட வேண்டும், மருத்துவப் பரிசோதனை கேட்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் ரிமாண்டுக்கு (நீதிமன்றக் காவலுக்கு அனுப்பியதற்கு)ப் பிறகுதான் அடுத்தடுத்து இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைக்க வேண்டும், அது முடியாத இடத்தில் ஓராண்டாவது வேண்டும் என்றது. ஆகவே புகார் எழுதும்போதே தேதியும் மணியும் குறித்து ‘கேமரா பதிவைப் பாதுகாக்கக் கோருகிறேன்’ என்று ஒரு வரி சேருங்கள்.

புகாரை ஸ்டேஷன் ரைட்டர் வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்ததற்கான சீட்டு, கொடுப்பார். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். வாங்கவே மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள், அடுத்த படி நடுவர் நீதிமன்றம். போலீஸ் கூட்டிப்போன ஆளையே காணோம் என்றால், அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு. கும்பகோணத்துக்காரர் அதற்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும், ஏனெனில் தஞ்சாவூர் மாவட்டம் அதன் கீழ் வருகிறது. பக்கத்துக் குடவாசல் திருவாரூர் மாவட்டம் என்பதால் சென்னைக்குப் போக வேண்டும், நாகையும் மயிலாடுதுறையும் அப்படியே. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100-க்கு அடிக்கலாம், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். காவலில் இருப்பவருக்கு வருமானச் சான்று கேட்காமலே இலவச வக்கீல் உண்டு.