சிக்னல் போனாலும் ஓடுகிற குழந்தை ஆப்: தேர்ந்தெடுப்பது எப்படி?

கோத்தகிரி, கூடலூர் பக்கம் மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். அதனால் முதல் சோதனை இது: வைஃபை உள்ள இடத்தில் ஆப்பை இறக்கி, உள்ளே இருக்கும் பாடங்களையும் கதைகளையும் தனியாக இறக்குங்கள். பிறகு ஏர்பிளேன் மோடு போட்டு, பத்து நிமிடம் நீங்களே ஆடிப் பாருங்கள். வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால் அழித்துவிடலாம். ஆப்பை மட்டும் இறக்கி, பாடங்களை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

பிளே ஸ்டோரில் ஆப் பெயருக்குக் கீழே ‘விளம்பரங்கள் உள்ளன’ என்றிருந்தால் தவிர்ப்பது நல்லது. மூன்று வயதுக்கு விளம்பரமும் விளையாட்டும் ஒன்றுதான். மூடுகிற பெருக்கல் குறியோ கடுகளவு. விரல் தவறினால் வேறெங்கோ போய் நிற்கும்.

அனுமதிகளைப் பாருங்கள். அ, ஆ எழுதப் பழக்கும் ஆப்புக்கு உங்கள் இருப்பிடம் எதற்கு? வாசிப்பைக் கேட்டுத் திருத்தும் ஆப்புக்கு மைக் தேவை, அது நியாயம்.

கான் அகாடமி கிட்ஸ் என்ற கற்றல் ஆப் இலவசம், விளம்பரமும் கிடையாது. 2 முதல் 8 வயதுக்கானது. ஆனால் தமிழில் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள்.

நேரம்? 2 முதல் 4 வயதுக்கு நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மிகாமல் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். குறைந்தால் இன்னும் நல்லது.