சின்ன விமானம் ஓட்டும் பெங்களூருக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் நான் வேறொரு ஃப்ளையிங் கிளப்பில் உறுப்பினராக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தரையிறங்கி, வேகம் குறைந்து உருண்டு வரும்போது இடது பிரேக் பெடல் அடிவரை போய்விட்டது. அந்த விமானத்தின் முன்சக்கரம் தன்போக்கில் சுழலும் வகை. மெதுவாக உருளும்போது இடது, வலது பிரேக்கை மாற்றி மாற்றி மிதித்துத்தான் அதைத் திருப்ப முடியும். வலது பிரேக் மட்டும் பிடித்ததால் விமானம் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் நின்றது. யாருக்கும் அடி இல்லை, விமானத்துக்கும் சேதம் இல்லை.

ஹேங்கருக்குத் திரும்பியதும், முந்தின நாள் அதே விமானத்தை ஓட்டிய வேலூர்த் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "எனக்கும் நேத்து அப்படித்தான் இருந்துச்சுண்ணா. ரெண்டு தடவை மிதிச்சா பிடிச்சிடுச்சு. அதான் எழுதல" என்றார்.

இரண்டு முறை மிதித்தால் பிடிக்கிற பிரேக், பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது எண்ணெய் எங்கோ கசிகிறது என்று சொல்கிறது. முதல் மிதியில் அழுத்தம் ஏறாது, அடுத்த மிதியில் ஏறும், அதற்கடுத்த நாள் எதிலுமே ஏறாது. தம்பிக்கு இது தெரியாமல் இல்லை. டெக் லாக் என்ற குறைப் பதிவேட்டில் எழுதினால் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை விமானம் நிற்க வேண்டும். இன்ஜினியர் வருவது திங்கட்கிழமை. ஞாயிறு முழுக்க ஐந்து பேர் நேரம் பதிவு செய்திருந்தார்கள். ஐந்து பேரின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்க அவருக்கு மனமில்லை.

சொந்த இன்பத்துக்காகப் பறக்கும் எங்களைப் போன்றவர்கள் செய்யும் தவறுகளில் இதையே முதலில் வைப்பேன். காரை ஒருவர்தான் ஓட்டுகிறார், அதன் குறை அவருக்குத் தெரியும். கிளப் விமானம் பத்துப் பேர் கைமாறுகிறது. நீங்கள் எழுதாமல் விட்டது எதுவோ, அது அடுத்தவர் காலடியில்தான் வந்து நிற்கும். என் அப்பா விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்தவர். அவர் வீட்டில் மிக்ஸியைக் கழற்றினாலும் எந்த ஸ்க்ரூ எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். அந்தப் பழக்கத்தின் அருமை எனக்குப் புல்லில் நின்ற அன்றுதான் புரிந்தது.

சரி, பிரேக் எந்த ஊரிலும் போகும். நம் ஊருக்கென்றே சில தவறுகள் இருக்கின்றன.

ஏற்காட்டுக்கும் மேலே இருக்கிறோம்

பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடியில் இருக்கிறது. சென்னையில் பயிற்சி முடித்து இங்கே வேலைக்கு வந்து, இங்குள்ள ஜக்கூர் சிறு விமானத் தளத்தில் முதல்முறை விமானத்தில் உட்காருகிறவர்கள் இதை ஒரு எண்ணாக மட்டும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். விமானத்துக்கோ உயரத்தோடு வெப்பத்தையும் சேர்த்துத்தான் கணக்கு.

கணக்கு எளிது. கடல் மட்டத்தில் கணக்குக்கென்று எடுத்துக்கொள்ளும் வெப்பம் 15 டிகிரி. ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறையும். அப்படியானால் 3,000 அடியில் 9 டிகிரி இருக்க வேண்டும். சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு இங்கே 34 டிகிரி. வித்தியாசம் 25. ஒரு டிகிரிக்கு சுமார் 120 அடி என்று பெருக்கினால் இன்னொரு 3,000 அடி. அதாவது காற்றின் அடர்த்தியைப் பொறுத்தவரை உங்கள் விமானம் 6,000 அடியில் நிற்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடிதான்.

டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் அளவுக்குச் சக்தியை இழக்கும். செஸ்னா 152இன் 110 குதிரை சக்தியில் அந்த மதியம் கையில் இருப்பது 90 சொச்சம். இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் கிடைக்கும் காற்றும் மெலிந்திருக்கும். அதே விமானத்தின் கையேட்டில், கடல் மட்டத்தில் 15 டிகிரியில் தரையை விட்டு எழ 725 அடி ஓட்டம் போதும். இங்கே வெயிலில் அது ஆயிரத்தைத் தாண்டும். எழுந்தபின் ஏறுகிற வேகமும் குறைவு. ஜக்கூரைச் சுற்றிலும் இப்போது அடுக்குமாடிகள், ஒரு பக்கம் விமான நிலையத்துக்குப் போகும் பெல்லாரி ரோடு மேம்பாலம். கையேட்டு அட்டவணையைப் பார்க்காமல் "போன வாரம் ஏறுச்சே" என்று கிளம்புவது தவறு. போன வாரம் காலை ஏழு மணியாக இருந்திருக்கும்.

இதிலேயே இரண்டு கிளைத் தவறுகள். ஒன்று, மிக்சரை, அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை, முழு ரிச்சிலேயே (உச்சத்திலேயே) வைத்துக்கொண்டு புறப்படுவது. கடலோரத்தில் அது சரி. மெலிந்த காற்றில் பெட்ரோல் அதிகமாகி, இருக்கிற சக்தியும் போய்விடும். செஸ்னா 152 கையேடு 3,000 அடிக்கு மேல் உள்ள ஓடுபாதையில் புறப்படும் முன் அதிகபட்ச ஆர்.பி.எம். வரும்வரை மிக்சரைக் குறைக்கச் சொல்கிறது. இன்னொன்று, கண்ணை நம்பி வேகத்தைக் கணிப்பது. மெலிந்த காற்றில் மீட்டர் காட்டும் அதே வேகத்துக்குத் தரை இன்னும் வேகமாக ஓடுவது போலத் தெரியும். புறப்படும்போது "வேகம் வந்துவிட்டது" என்று சீக்கிரமே மூக்கைத் தூக்கி எழப் பார்ப்பார்கள். இறங்கும்போது "ரொம்ப வேகமாகப் போகிறோம்" என்று மூக்கைத் தூக்கி, இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் ஸ்டாலுக்குப் பக்கத்தில் போய்விடுவார்கள். மீட்டரில் இருக்கும் எண் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஒன்றுதான். அதை மட்டும் பாருங்கள்.

இங்கே எங்கேங்க பனி?

எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரில் ஐஸ் பிடிப்பது பற்றிப் பேசினால் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். பெங்களூரின் ஆடி, ஆவணி மாதங்கள் அதற்கென்றே அமைந்தவை. வெளியே 22 டிகிரி, ஈரம் ததும்பும் காற்று, தலைக்கு மேல் மூடிய மேகம். கார்புரேட்டரின் குறுகலான கழுத்தில் காற்று விரையும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் சரியக்கூடும். காற்றின் ஈரம் அங்கேயே உறைந்து கழுத்தை அடைக்கும்.

அடையாளம் மிக மெல்லியது. ஆர்.பி.எம். 50 குறையும். கை தானாக, எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளும். மறுபடி குறையும், மறுபடி தள்ளுவோம். மூன்றாவது முறை தள்ளும்போதாவது சந்தேகம் வர வேண்டும்.

அப்புறம் கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் குமிழை, இழுத்ததும் பலர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. சூடான காற்று போனதும் ஆர்.பி.எம். இன்னும் குறையும். உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போவதால் அது இருமும், நடுங்கும். பயந்துபோய் உடனே ஹீட்டை உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அந்த நடுக்கம்தான் ஐஸ் கரைகிறது என்பதற்கு ஆதாரம். முழுசாக இழுத்துப் பிடித்து, எஞ்சின் சீராகும்வரை காத்திருக்க வேண்டும். இறங்கும்போது த்ராட்டிலைக் குறைப்பதற்கு முன்பே கார்ப் ஹீட்டைப் போட வேண்டும். எஞ்சின் குளிர்ந்தபின் போட்டால் கரைக்கிற அளவுக்குச் சூடு இருக்காது.

பங்க் பெட்ரோல்

மைக்ரோலைட் என்ற மிக லேசான விமானம் வைத்திருப்பவர்கள் சேர்ந்தால் இன்று அதிகம் பேசுவது இதைத்தான். ரோட்டாக்ஸ் 912 வகை எஞ்சின்கள் கார் பெட்ரோலில் ஓடும் என்பதே அவற்றின் பெரிய வசதி. கேனை எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் போய் வாங்கி வந்து ஊற்றிப் பழகியவர்கள் பலர். ஆனால் நம் பங்க்குகளில் எத்தனால் கலப்பு 2025இல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. ரோட்டாக்ஸ் நிறுவனம் நீண்ட காலமாக அனுமதித்த உச்ச அளவு 10 சதவீதம். கூடவே டாங்க், குழாய், பம்ப் எல்லாம் எத்தனாலைத் தாங்குமா என்பதை விமானம் செய்தவர்கள் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். எஞ்சினுக்கு அனுமதி இருப்பதால் விமானத்துக்கும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது தவறு.

எத்தனால் ரப்பர் குழாய்களை ஊத வைக்கும், சில ஃபைபர் டாங்க்குகளின் பிசினை இளக்கும். அதைவிடக் கவலை, அது தண்ணீரை உறிஞ்சித் தனக்குள் மறைத்துக்கொள்ளும். சாதாரணப் பெட்ரோலில் தண்ணீர் அடியில் முத்தாக நிற்கும். காலையில் டாங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடிக்கும்போது பாட்டிலில் பார்த்துவிடலாம். எத்தனால் கலந்ததில் எல்லாம் ஒரே தெளிவாகத் தெரியும். கலந்திருக்கும் ஈரம் அளவுக்கு மீறி, மார்கழிக் குளிரில் வெப்பமும் இறங்கினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டாங்க்கின் அடிக்குப் போய்விடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அடியில்தான் இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 100 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, தெளியவிடுங்கள். எத்தனால் இல்லையென்றால் தண்ணீர்க் கோடு 10லேயே நிற்கும். 20 சதவீதம் இருந்தால் முப்பதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும். ஒவ்வொரு கேனுக்கும் செய்து, தேதியோடு எழுதி வையுங்கள். அவ்கேஸுக்கு, அதாவது விமானப் பெட்ரோலுக்கு, மாறலாம். விலை அதிகம், அதிலுள்ள ஈயம் ஆயிலில் படிவதால் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை உறுப்பினர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். ஒருவர் சத்தமில்லாமல் பங்க்கில் நிரப்பிவிட்டு, மற்றவர்கள் அவ்கேஸ் என்று நினைத்துப் பறப்பது கூடவே கூடாது.

"ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க"

நம் ஆட்களிடம் லைசென்ஸ் வாங்கியதைச் சொன்னால் அடுத்த வாரமே இந்தக் கேள்வி வரும். அல்சூரில் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் கேட்டார்கள். "பெட்ரோல் காசு நான் தர்றேன் சார், பையன் பொறந்தநாளு." ஆசையாகக் கேட்பவரிடம் மறுப்பது கஷ்டம்தான். ஆனால் பிரைவேட் பைலட் லைசென்ஸ் கூலிக்குப் பறக்க அனுமதிப்பதில்லை. பணம் வாங்கிப் பறந்தபோது ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். அந்தச் சேதம் மற்ற எல்லா உறுப்பினர்கள் தலையிலும் விழும். மைக்ரோலைட்டுக்கும் இதே கதைதான்.

எடையும் இதோடு சேர்ந்தது. இரண்டு சீட் இருந்தால் இரண்டு பேர், டாங்க் இருந்தால் முழு டாங்க் என்று நினைக்கிறார்கள். செஸ்னா 152இன் உச்ச எடை 757 கிலோ. வெறும் விமானமே 500 கிலோவுக்கு மேல். 98 லிட்டர் முழு டாங்க் 70 கிலோ. மிச்சம் சுமார் 180. இரண்டு பெரிய ஆட்களும் ஒரு பையும் ஏறினால் முடிந்தது. பக்கத்தில் உட்காருபவரிடம் எடையைக் கேட்கக் கூச்சப்பட்டு மனக்கணக்குப் போடாதீர்கள். ஹேங்கரில் ஒரு தராசு இருந்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்து நடைமுறை கற்பதும் கூடிவருகிறது. விமானம் ஓட்டும் கைத்திறனுக்கு அவை நல்லவை. ஆனால் அங்கே போல, ஆளில்லாத ஓடுபாதையிலிருந்து நினைத்தபோது கிளம்பி இன்னொரு ஊருக்குப் போவது இங்கே நடக்காது. ஃப்ளைட் பிளான், அதோடு ஏ.டி.சி. என்று சொல்லப்படும் வான்பாதுகாப்பு அனுமதி எண், விமானத் தகவல் மையம் தரும் எஃப்.ஐ.சி. எண் எல்லாம் வேண்டும். ஜக்கூருக்குப் பக்கத்திலேயே எலகங்கா விமானப்படைத் தளம். அங்கே ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் நாட்களில் வானம் நமக்கு மூடியிருக்கும். அமெரிக்காவில் உயரமானிக்கான காற்றழுத்தத்தை அங்குலத்தில் வைப்பார்கள், இங்கே ஹெக்டோபாஸ்கலில். ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் கிட்டத்தட்ட 30 அடி தவறும். விமானிகளுக்கான அன்றைய அறிவிப்பை, அதாவது நோட்டாமை, படிக்காமல் சீட்டில் உட்காராதீர்கள்.

எழுதுவதை எளிதாக்க

அந்தப் பிரேக் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் சிலர் கூடி வேறொரு சின்னக் குழுவாகப் பறக்கிறோம். ஆட்கள் பெரும்பாலும் ஓசூர், கிருஷ்ணகிரி, அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம். முதல் கூட்டத்தில் பணத்தைப் பற்றிப் பேசும் முன்பே மூன்று விஷயங்களை முடிவு செய்தோம். ஸ்நாக், அதாவது குறை, எழுதி விமானத்தை நிறுத்தியவருக்கு அடுத்த வாரம் முதல் நேரம். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் இன்ஜினியர் என்ன செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், "பார்த்தாச்சு" என்று வாயால் சொல்வது கணக்கில் வராது. மூன்றாவது, பறக்கப் போகிறவர் கடைசியாகப் பறந்தவருக்கு போன் செய்ய வேண்டும். தாளில் எழுதத் தயங்கியதைக்கூட நேரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

முதல் ஆறு மாதம் ஸ்நாக் பக்கங்கள் வேகமாக நிரம்பின. ஒரு பெரியவர் "விமானம் கெட்டுப்போச்சா, நாம கெட்டுப்போனோமா?" என்று வருத்தப்பட்டார். இரண்டும் இல்லை. முன்பும் அவ்வளவு குறைகள் இருந்தன, யாரும் எழுதவில்லை.

உடம்பும் இந்தக் கணக்கில்தான் வரும். புது பிரஷர் மாத்திரை, ஜலதோஷத்துக்குப் போட்ட, தூக்கம் வரவைக்கும் மாத்திரை, சர்க்கரை. மெடிக்கல் சான்று போய்விடுமோ என்ற பயத்தில் டாக்டரிடமே மறைக்கிறார்கள். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் முதலிலேயே பேசினால் பல நேரம் வழி இருக்கிறது.

எழுதும்போது எப்படி எழுதுவது என்பதிலும் ஒரு தவறு உண்டு. "பிரேக் சரியில்லை" என்று எழுதினால், விமானம் நிற்கும்போது இன்ஜினியர் மிதித்துப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று மூடிவிடுவார். இப்படி எழுதுங்கள்: "இடது பிரேக். தரையிறங்கியபின் முதல் மிதியில் அடிவரை போகிறது, இரண்டாவது மிதியில் பிடிக்கிறது. மூன்று முறையும் அப்படியே. வலது பிரேக் சரி." வேலூர்த் தம்பி இப்போது எங்களோடுதான் பறக்கிறார். எங்கள் லாக்கில் இருப்பதிலேயே தெளிவான வரிகள் அவருடையவை.