அப்பத்தாவின் தூக்க மாத்திரை எந்தச் சந்தில் உட்காருகிறது?

போன பொங்கலுக்குக் கானாடுகாத்தான் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பத்தா அல்பிரசோலம் மாத்திரை அட்டையை நீட்டி, “ஏ ஆத்தா, இது வயித்துக்குள்ளதானே போகுது, தலையில எங்கனக்குள்ள போய் உக்காருது?” என்று கேட்டார். நான் உயிர்தகவலியல் படித்தவள். வளவிலேயே, அதாவது வீட்டின் நடு முற்றத்திலேயே, மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். அந்த வழியைத்தான் எழுதுகிறேன். புரதத்தின் வடிவத்தைப் பார்க்கக் கைமெராஎக்ஸ், மருந்து அதில் எப்படிப் பொருந்தும் என்று கணிக்க (இதைத்தான் டாக்கிங் என்பார்கள்) ஆட்டோடாக் வினா என்ற இரண்டு மென்பொருள்கள் போதும். படிப்பவர்களுக்கு இரண்டும் இலவசம்.

மென்பொருளைத் திறக்கும் முன், மருந்து ஒட்டும் புரத அமைப்பான ஏற்பியைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். தூக்க மாத்திரை, மயக்க மருந்து போன்றவை பிடிக்கும் இடம் காபா-ஏ ஏற்பி. ஐந்து புரதங்கள் வட்டமாக நிற்கும், நடுவில் துளை. துளை திறந்தால் குளோரைடு அயனி நரம்பு செல்லுக்குள் இறங்கும், செல் அடங்கும். வளவைச் சுற்றி அறைகள் நிற்பதுபோல என்று அப்பத்தாவிடம் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டார். மேல்மாடி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கீழ்த்தளம் செல்லின் சவ்வுக்குள் புதைந்திருக்கும். மனிதர்களிடம் இந்தப் புரதங்களில் 19 வகை உண்டு. மூளையில் அதிகம் காணும் சேர்க்கை ஆல்ஃபா1 இரண்டு, பீட்டா2 இரண்டு, காமா2 ஒன்று.

நாம் தேடும் மருந்துகள் அறைக்குள் போவதில்லை, இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சந்தில் செருகிக்கொள்கின்றன. ஒவ்வொரு புரதத்துக்கும் ப்ளஸ் முகம், மைனஸ் முகம் என்று இரண்டு உண்டு. அதனால் பீட்டா–ஆல்ஃபா சந்தும் ஆல்ஃபா–பீட்டா சந்தும் வேறு வேறு. மேல்மாடியில் பீட்டா–ஆல்ஃபா சந்து இரண்டிலும் காபா உட்காரும்; அது மூளையே சுரக்கும், செல்லை அடக்கும் வேதிப்பொருள். அதே மாடியில் ஆல்ஃபா–காமா சந்து டயசிபாம், அல்பிரசோலம், சோல்பிடெம் ஆகியவற்றின் இடம். கீழ்த்தளத்தில் பீட்டா–ஆல்ஃபா சந்துகளில் எடோமிடேட், புரோபோஃபால் என்ற மயக்க மருந்துகள். அதே தளத்தில் ஆல்ஃபா–பீட்டா, காமா–பீட்டா சந்துகளில் வலிப்புக்குத் தரும் ஃபீனோபார்பிட்டால்.

நான் இந்த வரைபடம் போடாமல் இறங்கியவள். 2016-இல் எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு 4சிஓஎஃப் (4COF) என்ற ஏற்பி அமைப்பை இறக்கி, அதில் டயசிபாமை டாக் செய்தேன். மதிப்பெண் மைனஸ் 9-க்குப் பக்கத்தில் வந்தது (மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்ல ஒட்டல் என்று கணக்கு). ஒரு மாதம் அதை வைத்துப் படம் படமாகப் போட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் முதல் படத்தைப் பார்த்ததுமே, “இதில காமா எங்கேம்மா?” என்றார். 4சிஓஎஃப் 2014-இல் வந்த படிக அமைப்பு. ஐந்தும் பீட்டா3. டயசிபாமின் சந்தே இல்லாத வீடு அது. வினாவுக்கு அதெல்லாம் தெரியாது; தேடச் சொல்லி நாம் போடும் பெட்டிக்குள் எந்தக் குழி இருக்கிறதோ அதில் திணித்து ஒரு எண்ணைக் கொடுத்துவிடும்.

2018-லிருந்து நமக்கு நல்ல காலம். உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் மனித ஏற்பியின் கலப்பு வடிவங்கள் வெளிவந்துவிட்டன. இந்த அமைப்புகளைச் சேமித்து வைக்கும் புரதத் தரவு வங்கியில் அல்பிரசோலத்துக்கு 6எச்யுஓ (6HUO), டயசிபாமுக்கு 6எச்யுபி (6HUP), புரோபோஃபாலுக்கு 6எக்ஸ்3டி (6X3T). இறக்கியதும் சங்கிலிப் பட்டியலை, அதாவது கோப்பிலுள்ள புரதங்களின் பட்டியலை, படியுங்கள். ஏற்பியை நிலைநிறுத்த ஒட்டிய வேறு புரதங்களும் கூடவே வரும், அவற்றை அழித்துவிடுங்கள். கொழுப்பு, சர்க்கரைத் துண்டுகளை மருந்து என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

6எச்யுஓவைக் கைமெராஎக்ஸில் திறந்து, மேல்மாடியில் ஆல்ஃபா–காமா சந்திலுள்ள அல்பிரசோலத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து 4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) தூரத்துக்குள் உள்ள அமினோ அமிலங்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். ஆல்ஃபா1 பக்கம் ஹிஸ்டிடின் 102, டைரோசின் 160, டைரோசின் 210, காமா2 பக்கம் ஃபீனைல்அலனின் 77 ஆகியவற்றை அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே தேடுங்கள். மருந்தின் குளோரின் ஹிஸ்டிடின் பக்கம் பார்த்திருக்கும். எண்களில் ஒரு வம்பு உண்டு. அதே ஹிஸ்டிடின் எலி ஆய்வுகளில் 101. யூனிப்ராட் என்ற புரத வரிசைத் தரவுத்தளத்தில் 129, ஏனென்றால் அங்கே முன்னால் வெட்டுப்படும் 27 அமிலங்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். மூன்றும் ஒரே ஆள்தான்.

அடுத்தது டாக்கிங். படம் இருக்கும் மருந்துக்கு எதற்கு என்றால், படம் இல்லாத மருந்துக்குப் போகுமுன் கை பழக. அல்பிரசோலத்தை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தை மையமாக வைத்துப் பக்கத்துக்கு 22 ஆங்ஸ்ட்ராம் பெட்டி போடுங்கள். ஏற்பி முழுவதையும் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். தேடல் ஆழம் தானாக 8-இல் நிற்கும், 32 ஆக்குங்கள். தேடல் எங்கிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றி நாலு முறை ஓட்டுங்கள். எங்கள் ஊரில் மூன்றாவது ஓட்டத்தில் கரண்ட் போய்விட்டது, அதனால் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பில் சேமியுங்கள். கிடைத்த நிலை நிஜ நிலையிலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் விலகியிருந்தால் சரி. மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் குளோரின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மருந்து தலைகீழாக உட்கார்ந்தும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்.

கடைசியாகச் சாட்சி விசாரணை. அந்த ஹிஸ்டிடினை அர்ஜினின் ஆக்கினால் டயசிபாம் வேலை செய்யாது. ஆல்ஃபா4, ஆல்ஃபா6 புரதங்களில் இயற்கையாகவே அங்கே அர்ஜினின்தான், டயசிபாம் அங்கே ஒட்டுவதில்லை. 1999-இல் ஆல்ஃபா1-இல் மட்டும் இதை மாற்றிய எலிகளுக்கு டயசிபாம் கொடுத்தார்கள். மயக்கம் வரவில்லை, பதற்றம் மட்டும் குறைந்தது. கீழ்த்தளத்துக்குச் சாட்சி பீட்டாவின் அஸ்பராஜின் 265. பீட்டா3-இல் அதை மெத்தியோனின் ஆக்கிய எலிகளிடம் எடோமிடேட்டும் புரோபோஃபாலும் பெரும்பாலும் தோற்றன. உங்கள் மருந்து மேல்மாடியா கீழ்த்தளமா என்று குழப்பமா? ஃப்ளூமாஜெனில் என்ற முறிவு மருந்து கொடுத்த சோதனை யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அது ஆல்ஃபா–காமா சந்தில் உள்ளவர்களை மட்டும் கிளப்பிவிடும், புரோபோஃபாலைத் தொடாது. டயசிபாம்கூட அளவு மிஞ்சினால் கீழ்த்தளச் சந்துகளுக்கும் போகிறது, 6எச்யுபியிலேயே பார்க்கலாம். அங்கே போனதை ஃப்ளூமாஜெனிலால் எழுப்ப முடியாது.

எல்லாம் பார்த்துவிட்டு அப்பத்தா கேட்டார்: “அப்பப் பாதி மாத்திரை போட்டா சந்து பாதிதான் நெறையுமா?” சந்து எப்போதும் முழுசாகத்தான் நிறையும், நிறைந்த சந்துகளின் எண்ணிக்கைதான் குறையும், அதுவும் கணக்காகப் பாதியாகக் குறையாது என்றேன். அந்தக் கணக்கு டாக்கிங்கில் வராது. அதற்கு 1977-இல் செய்ததுபோல் கதிரியக்க ட்ரிட்டியம் ஏற்றிய டயசிபாமை மூளைச் சவ்வில் கலந்து, எவ்வளவு ஒட்டியது என்று ஆய்வகத்தில் எண்ணியே ஆக வேண்டும்.