‘ரியலைஸ்’ என்ற சொல்லை இடமறிந்து தமிழாக்குவது எப்படி?

சேலத்துப் பேச்சில் ‘ரியலைஸ் பண்ணிட்டேன்’ என்றால், செய்த தவறு உறைத்துவிட்டது என்று பொருள். அந்த ஒரு பொருளையே நம்பி, ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றின் ஆங்கில அறிவிப்பைத் தமிழாக்கியபோது, ‘காசோலை உணரப்பட்ட பின் சரக்கு அனுப்பப்படும்’ என்று எழுதிக் கொடுத்தேன். தோட்டத்துக் கணக்கர் ‘உணரப்பட்ட’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘பணமான’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். காசோலைக்கு ஏது உணர்வு?

முதல் படியாக, வேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘ரியல்’ என்றால் மெய். ஆகவே ‘ரியலைஸ்’ என்பது மெய்யாக்குதல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு இருந்த பொருள் அதுவே. நமக்குப் பழக்கமான ‘உணர்தல்’ 18ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் படியாக, எது ‘ரியலைஸ்’ செய்யப்படுகிறது என்று பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும். கனவோ திட்டமோ வந்தால் ‘நிறைவேறியது’, ‘நனவாயிற்று’ என்று எழுத வேண்டும். 1925இல் தொடங்கிய மேட்டூர் அணைத் திட்டம் 1934இல் ‘ரியலைஸ்’ ஆனது என்று ஓர் ஆங்கில நூலில் வந்தால், அது நிறைவேறியது என்பதே பொருள். அச்சம் ‘ரியலைஸ்’ ஆனது என்று வரும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். அச்சத்தை நனவாக்குவதாக எழுதாமல், ‘அஞ்சியபடியே நடந்துவிட்டது’ என்று வாக்கியத்தையே மாற்றிவிடுவது நல்லது. நிலம், நகை, பங்கு என்றால் ‘விற்றுப் பணமாக்கு’. மிளகு கிலோவுக்கு இவ்வளவு ‘ரியலைஸ்’ செய்தது என்று சரக்கே எழுவாயாக வந்தால், சந்தையில் சொல்வது போல ‘விலை போயிற்று’ என்று எழுதினால் போதும்.

மூன்றாம் படி, ‘அண்டர்ஸ்டாண்ட்’ என்பதிலிருந்து இதைப் பிரித்தறிவது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை எப்படித் திருப்ப வேண்டும் என்று ஓட்டுநர் விளக்க, கேட்டுப் புரிந்துகொண்டால் அது ‘அண்டர்ஸ்டாண்ட்’. பத்தாவது வளைவில், பணப்பையை வீட்டிலேயே விட்டு வந்தது சட்டென்று உறைத்தால் அது ‘ரியலைஸ்’. முன்னதற்குப் ‘புரிந்தது’, பின்னதற்கு ‘உறைத்தது’, ‘உணர்ந்தேன்’, சில இடங்களில் வெறும் ‘தெரிந்தது’.

ஆங்கிலத்திலேயே எழுத நேர்ந்தால், ‘எஸ்’ போடுவதா ‘இசட்’ போடுவதா என்று குழம்ப வேண்டாம். இரண்டும் சரியே, அமெரிக்கர்கள் ‘இசட்’ போடுவார்கள், நம் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் ‘எஸ்’. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.